சொந்தமாக ஒரு கெட்டில்

கிப்புட்ஸ், அதாவது எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ யூதர்கள் தொடங்கிய இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணை ஊர், என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது துணிதான். 1910-ல் கலிலேயாக் கடலின் தென்கரையில், உம் ஜூனி என்ற அரபு ஊரின் நிலத்தில், 10 ஆண்களும் 2 பெண்களுமாகத் தொடங்கிய தெகானியாதான் முதல் கிப்புட்ஸ். சம்பளம் கிடையாது, சாப்பாடு பொதுக்கூடத்தில், அந்தக் காலத்தில் பல கிப்புட்ஸ்களில் சட்டைகூடப் பொது, சலவைக்குப் போட்டது அடுத்த வாரம் வேறொருவர் தோளில் ஏறியிருக்கும். (அளவு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது!) அறையில் தனியாக ஒரு கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதுகூடப் பெரிய வாக்குவாதம். டீ அறைக்கே வந்துவிட்டால் கூடத்துக்கு யார் வருவார்கள்?

இதெல்லாம் சரி. என்னால் ஏற்க முடியாதது, குழந்தைகளைத் தனி இல்லத்தில் தூங்க வைத்தது. ராத்திரி அழுதால் வருவது அம்மா இல்லை, அன்றைக்குக் காவல் முறை யாருக்கோ அவர். தெகானியாவில் இந்த வழக்கம் இல்லை, மற்ற இடங்களில் 1990களில்தான் முழுசாக ஒழிந்தது.

1980களில் கடன் கழுத்தை நெரித்தது, அப்புறம் பல கிப்புட்ஸ்கள் ஒவ்வொன்றாக ஆளுக்கொரு சம்பளத்துக்கு மாறின. 2007-ல் தெகானியாவும் மாறிவிட்டது.