இலையைத் திருப்பிப் போட்ட கதை

மதுரைல டிசைன் வேலை பாக்குறேன், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், ப்ளெக்ஸ்னு எது வந்தாலும் செய்வேன். போன ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு கேட்டரிங் அண்ணன் வந்து, மெனு புக் ஒண்ணு, மண்டப வாசலுக்குப் பத்துக்கு எட்டு ப்ளெக்ஸ் ஒண்ணு, ரெண்டுலயும் வாழையிலைச் சாப்பாடு பளிச்சுனு இருக்கணும்னாரு. சொந்தப் போட்டோ இருக்கா அண்ணேன்னு கேட்டா வாட்ஸப்ல நாலு படம் காட்டுறாரு, நாலுலயும் ட்யூப்லைட் வெளிச்சத்துல ரசம் நீலமா தெரியுது. சரி ஸ்டாக் போட்டோ, அதான் யாரோ ஏற்கெனவே எடுத்து சைட்ல விக்கப் போட்டிருக்குற படம், ஒண்ணு வாங்கிடலாம், ஒரு மணி நேர வேலைதானேன்னு நெனச்சேன்.

அஞ்சு நாள் ஆச்சு.

சவுத் இண்டியன் மீல்ஸ்னு தேடுனா பாதி படம் எவர்சில்வர் தட்டுல குட்டிக் குட்டிக் கிண்ணம், மீதி பாதி ஓணம் சத்யா. சத்யா படம் ஒண்ணு நல்லா இருந்துச்சேன்னு அண்ணன்கிட்ட காட்டுனா, "தம்பி இது மலையாளத்துச் சாப்பாடு, செவப்பரிசிச் சோறும் சக்கர உப்பேரியும் நம்ம பந்தில எவன் போடுறான்"னு ஒரே பார்வைல தள்ளிட்டாரு. ஏஐ-லயும் போட்டுப் பாத்தேன், இலைல நடு நரம்பு ரெண்டு ஓடுது, அதோட மூடி வச்சிட்டேன்.

அப்புறம் ஃப்ரீ வால்பேப்பர்னு போட்ட ஏதோ ஒரு சைட்ல அருமையான படம் கெடச்சுது. அகலம் 1920 பிக்சல். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும், வகுத்துப் பாத்தா 6.4 இன்ச்தான் வருது, ஏ4 பேப்பரோட அகலமே 8.27 இன்ச். இழுத்தா அப்பளம் மொசைக் தரை மாதிரி ஆயிடும். சந்தேகத்துல அந்தப் படத்தையே குடுத்துத் தேடுற ரிவர்ஸ் சர்ச் போட்டா அதே படம் காசு குடுத்து வாங்குற ஸ்டாக் சைட்ல உக்காந்திருக்கு, யாரோ சுட்டு இங்க ஃப்ரீன்னு போட்டிருக்கான். அதை நான் அச்சடிச்சிருந்தா வக்கீல் நோட்டீஸ் அவனுக்கா வரும், அண்ணனுக்கும் எனக்கும்தான் வரும். நம்ம ஊர் சட்டத்துலயே, 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), போட்டோவுக்கு அது வெளியானதுலருந்து 60 வருஷம் உரிமை இருக்கு.

பெரிய பந்தி, வரிசையா ஆளுங்க உக்காந்து சாப்பிடுற படம் ஒண்ணு, பாத்ததும் வாயில எச்சி ஊறிடுச்சு, கீழ எடிட்டோரியல் மட்டும்னு போட்டிருந்தான். அதுல இருக்குற ஆளுங்க யாரும் மாடல் ரிலீஸ்ல, அதாவது என் படத்தை விளம்பரத்துல போட்டுக்கலாம்னு எழுதிக் குடுக்குற தாள்ல, கையெழுத்துப் போடல, அதனால செய்தி, கட்டுரைக்கு ஓகே, விளம்பரத்துக்குக் கூடாது. விட்டுட்டேன்.

கடைசில காசு குடுத்தே ஒண்ணு வாங்குனேன். பொன்னி அரிசிச் சோறு, பக்கத்துல ஒரு கை வாளில இருந்து சாம்பார் ஊத்துது, மொகம் கெடையாது. சாதா லைசன்ஸ்லயே 5 லட்சம் காப்பி வரை அச்சடிக்கலாம், ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ரெண்டுலயும் இந்தக் கணக்குதான், நாங்க அடிச்சது ஆயிரம். ஆனா அண்ணன் தாம்பூலப் பையிலயும் இதே படத்தைப் போட்டு விக்கணும்னாரு, விக்கிற பொருள்னா அதுக்குப் பெரிய லைசன்ஸ், வெல பல மடங்கு. வெலையச் சொன்னதும் பைக்கு வெறும் குத்துவிளக்கு போதும்னுட்டாரு.

இப்பதான் நான் மடத்தனம் பண்ணேன். படத்துல வலது பக்கம் காலி எடம், அண்ணனுக்கு லோகோவும் போன் நம்பரும் இடது பக்கம் வரணும். வழக்கம் போல ஒரே க்ளிக்ல கண்ணாடில தெரியுற மாதிரி இடம் வலமா ஃப்ளிப் பண்ணி, ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துட்டுப் போனேன். அண்ணன் சூப்பர் தம்பின்னாரு. பக்கத்துல காய் நறுக்கிக்கிட்டிருந்த சமையல் மாஸ்டர், அறுபது வயசிருக்கும், எட்டிப் பாத்துட்டு, "யாருய்யா இது, நுனி வலது பக்கம் போட்டு இடது கையால சாம்பார் ஊத்துறான், இந்தப் பந்தில எவன் உக்காருவான்?" சுத்தி இருந்த அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. நான் நாலு தடவ ஜூம் பண்ணி முருங்கக்காயக் கூட எண்ணிப் பாத்தவன், இது கண்ணுல படவே இல்ல. உக்காந்து சாப்பிடுறவனுக்கு இடது பக்கம்தான் நுனி வரணும்னு சின்ன வயசுலருந்து தெரியும், தெரிஞ்சு என்ன பண்ண.

வீட்டுக்கு வந்து படத்தைப் பழையபடி நேராக்கி, இடது பக்கம் மேஜைப் பலகையை குளோன் பண்ணி நீட்டி எடம் பண்ணேன், ரெண்டு மணி நேரம். அச்சு மெஷினோட நாலு மை கலருக்கு, அதான் சிஎம்ஒய்கே-க்கு, மாத்துனதும் இலைப் பச்சை வதங்கிப் போச்சு, ஸ்கிரீன்ல இருக்குற அந்தப் பச்சை மை-ல வராது, மஞ்சளைக் கொஞ்சம் ஏத்தி சமாளிச்சேன். ப்ளெக்ஸுக்கு அந்த 300 டிபிஐ கவலை இல்ல, தூரத்துல நின்னு பாக்குறதுக்கு 72 டிபிஐ-யே தாராளம். பில்லும் லைசன்ஸ் பிடிஎஃப்பும் அண்ணன் பேர் போட்ட ஃபோல்டர்ல வச்சு அவருக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு அண்ணன் போன். திண்டுக்கல்ல ஒரு மண்டபத்துல வேற கேட்டரிங்காரன் வேன்ல அதே இலை, அதே கை, அதே வாளி. "நம்ம காசு குடுத்து வாங்குனதுதானே தம்பி?" வாங்குனது பயன்படுத்துற உரிமை மட்டும்தான் அண்ணே, அவனும் வாங்கியிருப்பான்னு விளக்குனேன், அவருக்கு மனசு ஆறல.

அடுத்த தை முகூர்த்தத்துல அவர் பந்திலயே ஜன்னலோரமா இலை போட்டு நானே எடுத்தேன். மாஸ்டர்தான் சாம்பார் ஊத்துனாரு. படத்தை விளம்பரத்துல போட்டுக்கலாம்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்துக் கேட்டேன், "கைய மட்டும் எடுக்கறதுக்கு எதுக்குப்பா கையெழுத்து"ன்னுகிட்டே போட்டுக் குடுத்தாரு.