மதியம் இரண்டு மணி லேப்

ஜூலை 8, 2024, திங்கள்

முதலாமாண்டு பி.எஸ்சி வேதியியல் பிள்ளைகளுக்கு இன்றைக்கு முதல் செய்முறை வகுப்பு. லேப் கோட் போட்டு வரச் சொல்லியிருந்தேன், பாதிப் பேர் போட்டு வந்தார்கள், மீதிப் பேர் வெறும் சட்டையோடு கதவோரம் நின்றார்கள். கேட்டால் "நாளைக்கு வாங்கிடறேங்க சார்" என்பார்கள், அந்த நாளை வராது. அதனால் கேட்கவில்லை. போன வருடம் முடித்துப் போனவர்கள் துவைத்து மடித்துக் கொடுத்த கோட்டுகள் பதினொன்று அலமாரியில் இருந்தன. எடுத்து மேசையில் வைத்தேன், ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள், வேலை ஆரம்பித்தது.

அரசுக் கல்லூரியில் கட்டணம் கம்மிதானே, இன்னும் என்ன கஷ்டம் என்று சொந்தக்காரர்களே என்னிடம் கேட்பார்கள். கட்டணம் கம்மிதான். ஆனால் அறிவியல் எடுத்த பிள்ளைக்கு மதியம் போய்விடுகிறது. எங்கள் கல்லூரியில் மற்ற பாடம் படிப்பவர்கள் வகுப்பு முடிந்து ஜவுளிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ வேலைக்குப் போய்விடலாம், இவர்களுக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை லேப், வாரத்தில் பல நாள். அப்புறம் மிச்சமிருப்பது ராத்திரி மட்டும்.

ஜூலை 24, புதன்

பர்மாங்கனேட் டைட்ரேஷன், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கிற செய்முறை. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் கந்தக அமிலம் சேர்த்து அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, மேலே ப்யூரெட் என்கிற அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழலிலிருந்து ஊதா நிறப் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் நிறம் சட்டென்று மறையாது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்தும், விழ விழ மறையும், கடைசியில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். அங்கே குழாயை மூட வேண்டும்.

மூன்றாவது மேசைப் பையன் மூடவில்லை. குடுவை முழுக்கக் கருஊதா. கிட்டே போய்ப் பார்த்தால் குழாயில் கை வைத்தபடியே, நின்றவாக்கில் தூங்கியிருக்கிறான்.

பள்ளிபாளையம் பையன். அப்பா தறிக்குடோனில் முன்பணம் வாங்கியிருக்கிறார், அது கழிகிற வரைக்கும் வீட்டில் ஆள் மாற்றி ஆள் தறி ஓட்ட வேண்டும், இவன் பங்கு ராத்திரி ஷிப்ட். எல்லாவற்றையும் உரக்கச் சொன்னான், தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் உரக்கத்தான் பேசுவார்கள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி செய்தான். இரண்டு அளவீடும் ஒத்துப்போயின. நல்ல கை அவனுக்கு.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று கோவையில் தமிழ்ப்புதல்வன் திட்டம் தொடங்கிவைத்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தே கிடைக்கிறது. எங்கள் துறையில் பெண் பிள்ளைகள் பாதியில் நிற்பது அதற்கப்புறம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தறிப் பையனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு ராத்திரிங்க சார் அது" என்றான். மாதத்தில் இரண்டு ராத்திரி தூங்குவான். எனக்கு அது பெரிய தொகையாகப் பட்டது.

செப்டம்பர் 18, புதன்

எல்லாருக்கும் பணம் வந்தாயிற்று, அவனுக்கு மட்டும் வரவில்லை. மூன்று தடவை வங்கிக்குப் போயிருக்கிறான், ஆதார் சேர்த்தாச்சு போ என்று அனுப்பியிருக்கிறார்கள். இன்று நானும் உட்கார்ந்து ஆதார் தளத்தில் பார்த்தேன். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து சேர அதே கணக்கை இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கு அப்படி இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் பணம் போகும். இவனுக்கு அது பள்ளியில் படிக்கும்போது வேறொரு வங்கியில் திறந்த கணக்கு, வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. இதை அந்தப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் மூன்று நாள் வகுப்பு போயிருக்காது. கோபமாக வருகிறது.

அக்டோபர் 9, புதன்

ஐஐடிகளில் எம்.எஸ்சி சேர்வதற்கான ஜாம் தேர்வுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. மூன்றாமாண்டில் முதல் மாணவி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. "இன்ட்ரஸ்ட் இல்லைங்க சார்." தோழியை விசாரித்தால் விஷயம் 900 ரூபாய். பெண்களுக்கு ஒரு தாளுக்கு அவ்வளவுதான், ஆனால் செமஸ்டர் கட்டணமும் இதே மாதம் வந்து நிற்கிறது. துறையில் நாங்கள் ஆறு பேர் மாதம் 500 போட்டு வைக்கிற பணத்திலிருந்து கட்டினோம். வாங்கினவர்கள் பெயரை எங்கும் எழுதி வைப்பதில்லை, அதில் நான் கண்டிப்பு. மூன்று வருடம் முன்னால் ஒரு பையன் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோனான், எனக்குத் தெரிந்தபோது அவன் திருப்பூரில் இருந்தான். அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் இந்த 500.

இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 591 எடுத்து முதலாமாண்டில் சேர்ந்திருக்கிற பெண்ணிடம் இன்ஸ்பயர் உதவித்தொகை பற்றி யாருமே சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசு தருவது, வருடம் 80,000, அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பினோம்.

டிசம்பர் 14, சனி

ஜாம் கணினியில் எழுதும் தேர்வு. கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையில் இருப்பதை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். விண்ணப்பித்த மூன்றாமாண்டு மாணவியிடம் இருப்பது போன் மட்டும், மவுஸ் பிடித்தே பழக்கமில்லை. சனிக்கிழமை தோறும் துறைக் கணினியை அவளுக்கென்று விட்டிருக்கிறேன். முதல் வாரம் ஒரு மடக்கைக் கணக்குக்கு நாலு நிமிடம் ஆனது, இன்றைக்கு ஒரு நிமிடம்.

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

இன்றைக்கு ஜாம் தேர்வு. விடியும் முன்னால் கோவை பஸ் ஏறினாள், கூட அம்மா. சாயங்காலம் போன் பண்ணி, கால்குலேட்டர் நம்ம டிபார்ட்மென்ட்ல பார்த்த மாதிரியே இருந்துச்சு சார் என்றாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளே, இயற்பியல் வேதியியல் நல்லா வந்துச்சு, கனிமத்துல ரெண்டு விட்டுட்டேன் என்றாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், அம்மா வாங்கித் தந்தார்களாம், பரோட்டா. தன் லேப் கோட்டைத் துவைத்து நாளைக்கு எடுத்து வருவதாகச் சொன்னாள். உனக்கே இன்னும் செய்முறைத் தேர்வு இருக்கிறதம்மா, அதுவரைக்கும் வைத்துக்கொள் என்றேன்.