பக்கத்து வீட்டுப் பூனைக்காகக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லையாம்

வயதான பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாராவது உங்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தால், கையோடு ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் பூனைக்கு அவசரம் வந்தால் இவர் முடிவெடுக்கலாம், வலி தாங்க முடியாத நிலை என்று மருத்துவர் சொன்னால் கருணை மரணத்துக்கும் இவரே ஒப்புதல் தரலாம்" என்று நாலு வரி, கீழே கையெழுத்து. போதும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஊருக்குக் கிளம்புகிற மனிதரிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று தோன்றும். கேட்டுவிடுங்கள். அந்தத் தாள் இல்லாததால் ஒரு கிழட்டுப் பூனை பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் பூனை சிட்டுவுக்கு வயது 17. மனிதக் கணக்கில் 84 என்பார்கள். சிறுநீரகம் பழுதாகி, மாத்திரையிலும் தோலுக்கடியில் ஏற்றும் சலைனிலும் ஓடிக்கொண்டிருந்த உயிர். அக்கா மகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போனபோது சிட்டுவை என்னிடம் விட்டுப் போனார். சாப்பாடு, மாத்திரை, மலம் கழிக்க மணல் நிரப்பிவைக்கும் லிட்டர் பெட்டி, சலைன் எல்லாம் அவர் எழுதிவைத்தபடியே சிக்கலில்லாமல் போனது.

அக்கா திரும்பி வர விமானம் ஏறிய அன்று காலையில்தான் எல்லாம் நடந்தது. கதவைத் திறந்தபோதே சத்தம் கேட்டது. சிட்டு அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு முன்னங்காலால் ஊர்ந்து வந்தது. தொட்டால் பின்னங்கால்கள் சில்லென்று இருந்தன, பாதத்தின் அடிப்பகுதி வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கால் சுளுக்கு, விழுந்து அடிபட்டது என்றெல்லாம் நினைத்து நேரம் போக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

கிளம்புகிற அவசரத்தில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், வலிக்குப் பாதி பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிப்போ என்று. கொடுக்கவே கூடாது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது, ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். நமக்கு வாங்கிவைத்திருக்கிற எந்த வலி மாத்திரையும் பூனைக்கு வேண்டாம்.

அக்கா வழக்கமாகப் போகும் கிளினிக் அன்று விடுமுறை. வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு, கூடைக்குள் கத்துகிற பூனையோடு இன்னொரு இடத்தைத் தேடிப் போனேன். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவர் கூடையைப் பார்க்கவே இல்லை. படிவத்தை நீட்டினார்.

"ஓனர் நீங்களா?"

"இல்லைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க. அவங்க விமானத்துல இருக்காங்க."

"அப்போ ஓனர் கையெழுத்து யார் போடுவாங்க?"

பணம் நான் கட்டுகிறேன் என்றேன். பணம் பிரச்சினை இல்லை, கையெழுத்துதான் பிரச்சினை என்றார். அக்காவின் மகளை அழைத்துப் பேச வைத்தேன். "மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள், முழுச் சம்மதம்" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். பூனையின் தடுப்பூசிப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும் என்று அதையும் தள்ளிவிட்டார். விதி இருக்கலாம், தவறு என்று சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய பூனையை இன்னொருவர் கொண்டுவந்து முடிவெடுத்துவிடக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் முடிவெடுப்பது வேறு, முதலுதவி வேறு. "காத்திருங்க" என்று நாற்காலியைக் காட்டியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உட்காரவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்று, "வலிக்கு மட்டும் ஏதாவது போடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உள்ளே இருந்த மருத்துவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வெளியே வந்தார். உங்களுக்கும் இப்படி ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை, ஒப்புதல், கோப்பு என்று பேச்சு எங்கே போனாலும் "வலிக்கு மட்டும்" என்று இழுத்து வாருங்கள்.

மருத்துவர் தொடையில் நாடி பார்த்தார். இல்லை. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி, உடலின் பெரிய ரத்தக்குழாய் பின்னங்கால்களுக்காக இரண்டாகப் பிரியும் இடத்தில் போய் அடைத்துவிட்டது என்றார். வலி ஊசி போட்டார், ஆக்ஸிஜன் வைத்தார். பெரும்பாலும் இதயத் தசை தடித்துப்போகும் நோய் உள்ள பூனைகளுக்கு இது வருகிறதாம். இரண்டு காலும் போய், உடல் சூடும் இறங்கியிருந்ததால் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மறைக்காமல் சொன்னார். கருணை மரணம்தான் சிட்டுவுக்குச் செய்யக்கூடிய நல்லது என்றும் சொன்னார். ஆனால் அதற்கு அவருக்கும் உரிமையாளர் ஒப்புதல் வேண்டும். அக்காவின் தொலைபேசி அணைந்தே இருந்தது.

ஊசிக்குப் பிறகு கத்தல் நின்றது. அதன் பின் நான் சிட்டுவின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் விமானம் இறங்குவதற்கு முன்பே சிட்டு போய்விட்டது.

அங்கே குளிர்பெட்டி இருந்தது. வைக்க உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று மறுபடியும் மேசையில் நிறுத்தினார்கள். கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததே நல்லதாகப் போயிற்று.

உடலை என்ன செய்வது என்பது பலருக்கும் தெரியாததால் மருத்துவர் சொன்னதை எழுதிவிடுகிறேன். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கால்களை மடித்து, பூனை வழக்கமாகத் தூங்குகிற மாதிரி சுருட்டிப் படுக்க வைத்துவிட வேண்டும். நீட்டியபடி விறைத்துவிட்டால் அப்புறம் மடிக்க முடியாது, பார்க்க வருகிறவர்களுக்கும் அது பெரிய வேதனை. வாயிலிருந்தும் சிறுநீர்ப்பையிலிருந்தும் நீர் கசியும், அடியில் தடிமனான துண்டு போடுங்கள். கண் மூடாது. விரலால் மூடினாலும் திறந்துகொள்ளும். நம் தவறு எதுவும் அதில் இல்லை, தசை தளர்ந்ததால் அப்படி. குளிர்ச்சியான அறையில், சுற்றிலும் ஐஸ் பைகளை வைத்துக் காக்கலாம். இறப்புக்கான காரணத்தை அறியப் பரிசோதனை செய்ய நினைத்தால் உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் கெட்டுவிடும், குளிர வைத்தால் போதும்.

எல்லாரும் உடனே புதைத்துவிடு, அக்கா வந்து பார்த்தால் தாங்கமாட்டார் என்றார்கள். நான் கேட்கவில்லை. 17 வருடம் வளர்த்தவருக்குக் கடைசியாகப் பார்க்கவா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதிலும் ஆளுக்கொரு யோசனை. "உடம்பு முடியலைன்னு மட்டும் சொல்லு, வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்சுக்கட்டும்" என்பதுதான் பெரும்பாலோர் சொன்னது. யோசித்துப் பாருங்கள், அவர் வழியில் மாறி ஏறும் அடுத்த விமானம் முழுக்க பூனை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருவார். வாசலில் வைத்து அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டும். மகளிடம் கேட்டேன், அவளும் நேராகச் சொல்லிவிடுங்கள் என்றாள். இடையில் இறங்கியதும் அக்காவே அழைத்தார். முதல் கேள்வியே சிட்டு சாப்பிட்டுச்சா என்பதுதான். உட்கார இடம் இருக்கா அக்கா என்று கேட்டு, உட்கார்ந்த பிறகு, "சிட்டு இறந்துடுச்சு அக்கா. காலையில இதயத்திலிருந்து ரத்தக்கட்டி வந்து அடைச்சிடுச்சு. வலிக்கு ஊசி போட்டாச்சு. கடைசி வரைக்கும் நான் கூட இருந்தேன்" என்றேன். இந்த வரிசையிலேயே சொன்னேன். அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் ரொம்ப நேரம் அழுதார், நான் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தேன்.

அன்றிரவு வந்து பார்த்தார். தூங்குற மாதிரியே இருக்கே என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உடனே புதைக்காமல் இருந்தது சரி என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. மறுநாள் தோட்டத்தில் மூன்றடிக்கு மேல் ஆழம் தோண்டி, பிளாஸ்டிக் இல்லாமல் துணியில் சுற்றிப் புதைத்தோம். கருணை மரண ஊசி போட்ட பூனையாக இருந்தால் ஆழத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் நாயும் செத்துப்போகும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் எதிர்பாராதது. என் பூனை இல்லை. நான் எதையும் விட்டுவைக்கவும் இல்லை. ஆனாலும் இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் முந்தின நாள் சிட்டு எப்படி நடந்தது, மூச்சு எப்படி இருந்தது என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. யாரிடமாவது சொன்னால், "அடுத்த வீட்டுப் பூனைக்கா இவ்வளவு?" என்கிற பார்வை. அக்காவிடமோ சொல்லவே முடியாது, துக்கம் அவருடையது. என் அழுகையை அவர் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது.

கடைசியில் அந்த மருத்துவரையே அழைத்துக் கேட்டேன். முந்தின நாள் ஏதாவது தெரிந்திருக்குமா என்று. பெரும்பாலான பூனைகளுக்கு இப்படி நடக்கும்வரை இதய நோய் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை, ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் சில பூனைகளின் இதயத்தில் சந்தேகப்படும்படி எந்த ஒலியும் கேட்காது என்றார். பத்து நிமிடம் பேசியிருப்பார். மனசை அரிக்கிற கேள்வியைத் தெரிந்தவர்களிடம் கேட்பதைவிட மருத்துவரிடமே கேளுங்கள். தெரிந்தவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள், அது ஆறுதலாக இருக்காது.

அதே விளக்கத்தை அக்காவிடம் சொன்னபோதுதான் அவர் வேறொன்றில் வெந்துகொண்டிருந்தது தெரிந்தது. "கிளம்புறப்ப என் பையிலேயே ஏறி உட்கார்ந்துச்சும்மா. நான் இறக்கி விட்டுட்டுப் போனேன்." அவர் போனதால் இது நடக்கவில்லை, அவர் இருந்திருந்தாலும் கட்டி வந்திருக்கும் என்று நான் சொன்னேன். "அப்போ உனக்கும் அதேதானே" என்றார். எவ்வளவோ பேர் சொல்லாத ஆறுதல் அது.

வந்தவர்கள் பலர், "17 வயசு, நல்லா வாழ்ந்துடுச்சு", "வேற குட்டி வாங்கிக்கோங்க" என்றார்கள். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். சிட்டுவைப் பற்றி எதையாவது நினைவுபடுத்திச் சொன்னவர்களிடம்தான் உட்கார்ந்து பேசினார். மிச்சமிருந்த மாத்திரை, சலைன் பை, லிட்டர் பெட்டி எதையும் அவர் சொல்லாமல் எடுத்துவைக்காதீர்கள் என்று மகளிடமும் சொன்னேன். கிண்ணத்தைக் கழுவிவைக்க அவருக்கே மனம் வர நாளானது.

அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான், எவ்வளவு நேரம் வலித்தது என்பது. மருத்துவக் குறிப்பின் நகலை அதே மேசையில் போய்க் கேட்டோம். இந்த முறை உரிமையாளரே நின்றார், அடையாள அட்டையும் கொண்டுபோயிருந்தோம். இருந்தும் மருத்துவர் வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நகராமல் நின்று வாங்கினோம். வந்த நேரம், ஊசி போட்ட நேரம், இறந்த நேரம் மூன்றும் அதில் இருந்தன. அக்கா முதலில் ஊசி நேரத்தைத்தான் பார்த்தார். வந்த நேரத்துக்கும் அதற்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்தவரிடம் தாளைத் திருப்பிக் காட்டி, "இது எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். பதில் இல்லை. புகாராக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். உரிமையாளர் இல்லாவிட்டாலும் வலி மருந்தைத் தாமதிக்கக் கூடாது என்று கேட்டு எழுதியிருக்கிறோம், மருத்துவர் வாங்கிப் படித்துக் கையெழுத்திட்டு நகல் தந்தார்.

இன்னொன்றும் செய்யுங்கள். வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அழைத்து, பூனை இறந்துவிட்டது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அக்காவுக்கு நடுவில் "உங்கள் சிட்டுவுக்குத் தடுப்பூசி நாள்" என்று குறுஞ்செய்தி வந்து அன்று முழுக்க அவர் பேசவே இல்லை. நான் அழைத்துச் சொன்ன பிறகுதான் அது நின்றது.