தரைக் கூடாரமும் வில்லும்

மிச்சிகன் மாநிலத்தில் மானுக்கான வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கி நவம்பர் 14 வரை நீடிக்கிறது. 15ஆம் தேதி விடிகாலையில் துப்பாக்கிக்காரர்கள் இறங்கிவிட்டால், அதுவரை பொழுது சாயும் முன்பே வயலுக்கு வந்து மேய்ந்துகொண்டிருந்த மான்கள், பெரும்பாலும் இருட்டிய பிறகே தலைகாட்டும். டிசம்பரில் மறுபடியும் வில்லுக்கு அனுமதி உண்டு என்றாலும், அந்தக் குளிரில் நாணை இழுக்கும் ஆசை எனக்கில்லை. ஆகவே ஜாக்சன் கவுண்டியில், அலுவலக நண்பர் ஒருவருடைய குடும்பத்தின் மக்காச்சோள வயலை ஒட்டிய ஓக் தோப்பில், அவர்களுடைய அனுமதியோடு இந்த ஆறு வாரங்களின் வார இறுதிகளைக் கழிக்கிறேன். நான் அங்கே அமர்வது மரத்தின் மேல் அன்று. தரையில் நிறுத்திய துணிக் கூடாரம் ஒன்றுக்குள். கிரவுண்ட் பிளைண்ட் என்று இங்கே அதைச் சொல்கிறார்கள்.

டெட்ராய்ட்டைச் சுற்றி வாழும் தமிழ் நண்பர்களிடம் இதைச் சொன்னால் முதலில் முகம் சுளிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே காவல்துறைச் செய்திதான் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. இங்கே கணக்கு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக வரைமுறையின்றிச் சுட்டதில் அருகிப்போன வெள்ளைவால் மான், கட்டுப்பாடுகள் வந்தபின் பெருகி, மிச்சிகனில் மட்டும் இன்று ஏறத்தாழ 20 லட்சம் இருக்கிறது. மாநிலத்தின் தென்பாதியான கீழ்த் தீபகற்பத்தில் அதை அடக்கி வைக்க ஓநாய்க் கூட்டங்களும் இல்லை. ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட மோதல்கள் சாலைகளில் மான்களால் நேர்கின்றன. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி வனவிலங்குப் பராமரிப்புக்கே செல்கிறது. 1970களில் வில்லும் அம்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உயிர்க்கொலையே கூடாது என்பவரோடு எனக்கு வாதமில்லை. கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டு என்னைக் கண்டிப்பவரோடு மட்டும் கொஞ்சம் உண்டு.

வில் வேட்டைக்காரர்களில் பலர் மரப்பரணையே விரும்புகிறார்கள். பதினைந்து, இருபது அடி உயரத்தில் பார்வை விரிகிறது. மனித வாடையும் மானின் தலைக்கு மேலே போய்விட வாய்ப்புண்டு. ஆனால் வேட்டைக்காரர்களுக்கு நேரும் கடுமையான காயங்களுக்குப் பரணிலிருந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். அதைவிட என்னைத் தரையில் நிறுத்துவது அம்பின் கோணம். பரணுக்கு அடியில் மான் நெருங்கி வர வர அம்பு செங்குத்தாக இறங்கும். ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டால் அந்த மான் வெகுதூரம் ஓடி வீணாகச் சாகக்கூடும். தரையிலிருந்து எய்த அம்போ கிடைமட்டமாகச் சென்று இரண்டு நுரையீரல்களையும் துளைத்து மறுபக்கம் வெளியேறுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை, சுற்றிலும் உள்ள காட்டை விட்டுவிட்டு இரண்டு சிறு சன்னல்களுக்குள் தெரிவதோடு திருப்தியடைவதுதான்.

கூடாரத்தை நிறுத்துவது எளிது. நான்கு சுவர்களிலும் கூரையிலும் உள்ள நாடாக்களைப் பிடித்து வெளியே இழுத்தால் சடக்கென்று விறைத்து நின்றுவிடும். மான்களை அதற்குப் பழக்குவதுதான் உண்மையான வேலை. நேற்றுவரை இல்லாத ஒரு பெட்டி தன் தடத்தருகே முளைத்திருப்பதைக் கண்ட வயதான பெண்மான், முன்காலால் தரையைத் தட்டி, மூக்கால் சீறி, கூட்டம் முழுவதையும் திருப்பி அழைத்துச் சென்றுவிடும். அதனால் செப்டம்பர் நடுவிலேயே கூடாரத்தை நட்டு, அதே தோப்பின் ஓக் கிளைகளையும் வயலோரச் சோளத்தட்டைகளையும் கூரையின் நேர்கோடு தெரியாதபடி சாத்திவிடுகிறேன். உள்ளே சருகைத் தள்ளி வெறும் மண் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். காலடியில் ஒரே ஓர் இலை நொறுங்கினாலும் போதும், அன்றைய மாலை முடிந்தது.

உட்புறத் துணி கருப்பு என்பதால் உள்ளே இருப்பவரும் கருப்பே அணிய வேண்டும். இலை அச்சிட்ட விலையுயர்ந்த சட்டை அங்கே வெளிறித் தெரியும். பின்பக்கச் சன்னல் திறந்திருந்தால் உள்ளே அமர்ந்திருப்பவர் தோல்பாவைக் கூத்துத் திரையில் விழும் உருவம்போலத் தெரிவார். ஆகையால் பின்புறம் முழுவதையும் மூடிவிட்டு, முன்னால் ஒன்றையும் பக்கவாட்டில் ஒன்றையும் மட்டுமே திறக்கிறேன். மானின் கண் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறியாது; நீலத்தையும் புற ஊதா ஒளியையும் நம்மைவிட நன்றாகக் காணும். துணிக்கு வெண்மை கூட்டும் சலவைத்தூள் வேட்டை உடைக்கு ஆகாது என்பது இதனால்தான்.

அசைவை மறைக்கும் கூடாரம் வாடையை மறைப்பதில்லை. இதை விற்பனையாளர்கள் எவ்வளவு மறுத்தாலும் நான் ஏற்கமாட்டேன். மான்கள் வரும் தடத்திலிருந்து கூடாரத்தை நோக்கிக் காற்று வீசுகிற நாளில் மட்டுமே அமர வேண்டும். சரிவான இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெயில் ஏறும்போது காற்று மேட்டை நோக்கி எழும்பும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி வழியும். சிறு குப்பியிலிருந்து கொஞ்சம் முகப்பவுடரைப் பீச்சி அது மிதந்து போகும் திசையைப் பார்த்தால் வானிலை அறிக்கையைவிட உண்மை தெரியும்.

வில்லில் கூடாரத்துக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரு முனைகளிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லின் நாணில் பொருத்திய பீப் துளை வழியாகத்தான் குறி பார்க்கிறோம். அத்துளை அம்பைவிடச் சில அங்குலம் உயரத்தில் இருக்கும். ஆகவே கண்ணுக்குச் சன்னல் தெளிவாகத் தெரியும்போதே அம்பு சன்னலின் கீழ்விளிம்புத் துணியில் போய் மோதக்கூடும். வில்லின் மேல்முனைச் சக்கரம் கூரைக் கம்பியில் இடிப்பதும் உண்டு. பருவத்துக்கு முன்பே, வேட்டையில் அமரும் அதே நாற்காலியில் அமர்ந்து, அதே சன்னல் வழியாகப் பயிற்சி செய்வதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

மான் நெருங்கிவிட்டால் தரைக்கும் பரணுக்கும் உள்ள வேறுபாடு புரியும். அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். பன்னிரண்டு கஜ தூரத்தில் ஒரு பெண்மான் ஓக் கொட்டையைக் கடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு காது குட்டியின் பக்கமும் மற்றது கூடாரத்தின் பக்கமும் தனித்தனியே திரும்புவதும், ஈர மூக்கில் சருகுத்துகள் ஒட்டியிருப்பதும் தெரியும். அது தலையைத் தூக்கிச் சன்னலுக்குள் உற்றுப் பார்க்கும்போது நாணைத் தொடக்கூடாது. தலை மறுபடி கொட்டைக்குத் தாழ்ந்து, விலா முழுவதும் நம் பக்கம் திரும்பி, முன்கால் ஓரடி முன்னே போன பிறகுதான் இழுக்க வேண்டும்.

எனக்கு 20 கஜம் எல்லை. நொடிக்கு 280 அடி செல்லும் அம்பு அந்த 60 அடியைக் கடக்க ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குச் சற்று அதிகமாகும். நாணின் ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் போய் முன்னதாகவே காதில் விழுந்துவிடும். மிரண்டிருக்கும் மான் அந்த இடைவெளியில் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே பறக்கும் அல்லது தப்பான இடத்தில் தைக்கும். அதனால் தலை நிமிர்ந்து விறைத்து நிற்கும் மானை, அது எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், போக விட்டுவிடுகிறேன்.

எய்த பிறகு உடனே எழுந்து ஓடக்கூடாது. குறைந்தது அரை மணி நேரம் கழித்து அம்பைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல், அப்போது அரை நாள்வரை காத்திருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. விரட்டப்படாத மான் பக்கத்திலேயே படுத்துவிடும், விரட்டினால் கிடைக்காது.

2022 முதல் மிச்சிகனில் வேட்டையாடிய மானை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து இங்ஹாம் கவுண்டியில் 2015இல் மானைப் படிப்படியாக மெலிய வைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்னும் நோய் மிச்சிகனின் காட்டு மானில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மான்கள் ஓரிடத்தில் கூடி நோயைப் பரப்பக்கூடாது என்று 2019 முதல் கீழ்த் தீபகற்பத்தில் இரை போட்டு மானை வரவழைப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாகச் சான்றில்லை; ஆனால் அதை உண்டாக்கும் பிரையான் என்னும் உருமாறிய புரதம் சமைப்பதால் அழிவதில்லை. ஆகவே தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியிலேயே வைத்திருக்கிறோம். முதுகுக் கறியில் கொழுப்பே கிடையாது. மிளகும் உப்பும் தடவி, சூடேறிய இரும்புக் கல்லில் சட்டென்று புரட்டி எடுக்காவிட்டால் தோலாகிவிடும். தொடைக்கறியைத்தான் குழம்புக்கு வைத்துக்கொள்கிறோம்.

பருவம் முடிந்ததும் கூடாரத்தைக் கழற்றிவிட வேண்டும். டிசம்பர்ப் பனி கூரைக் கம்பியை முறித்துவிடும்; ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்; கொட்டகை மூலையில் போட்டால் எலி கடிக்கும். ஒரு நாள் கராஜில் விரித்து உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துவிடுகிறேன்.