முயல் கிடைத்ததா சார்?

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று முறை நினைவூட்டினார்கள். மூன்று முறையும் வேலை அதிகம் என்று தட்டிக்கழித்தேன். போன மாதம் நம் இங்கிலீஷ் சார் காலமான செய்தி வந்தது. எந்த இங்கிலீஷ் சார் என்று 1996-இல் பிளஸ் டூ முடித்த எவரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. லேப் ஜன்னலில் கறுப்புத் துணி, டெஸ்கின்மேல் டெஸ்க் போட்டு ஏற்றிய டிவி, வாடகை வி.சி.ஆர். அதை இயக்கும் உத்தியோகம் எனக்கு. பெருமையில் வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன்.

அந்த வருடம் சார் பெங்களூரில் யாரிடமோ கேட்டு வாங்கிவந்த கேசட், ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் எழுதிய சிறிய நாவல். 1992-இல் கேரி சினிஸ் அதைப் படமாக இயக்கி ஜார்ஜாகவும் நடித்தார். லென்னியாக ஜான் மால்கோவிச். பண்ணை பண்ணையாகக் கூலிக்கு அலையும் இருவரின் கதை. ஜார்ஜ் விவரமானவன். லென்னி மலைபோல உருவம், மனம் குழந்தை. மெத்தென்று எது கிடைத்தாலும் தடவிக்கொண்டே இருப்பான். என்றாவது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் முயல் வளர்ப்பு என்று ஒரு கனவு.

பாடத்திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஊரில் நட்பைச் சொல்லித்தர வெள்ளைக்காரன் எதற்கு என்று தமிழ் ஐயா கேட்டாராம். “அதியமான் போனபிறகு ஔவை தனியாக நின்று பாடினாளே, அதை நீங்கள் நடத்துங்கள். இதை நான் நடத்துகிறேன்” என்று சார் சொன்னதாகக் கேள்வி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லித் தமிழில் விளக்குவார். பாலக்கோட்டுக்காரன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற கதைதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு என்பார். எழுதிய பிரதியில் பாதியை ஸ்டைன்பெக்கின் நாய் கடித்துக் குதறிவிட்டதாம். அதனால் நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டாம். பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவிக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது, கவனியுங்கள் என்பார். நாங்கள் கவனித்தது அவளுடைய உடையைத்தான்.

என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். வகுப்பிலேயே பெரிய உருவம், வாயைத் திறக்கமாட்டான். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. அவன் பாலக்கோடு பக்கம் ஆயாவோடு இருந்தான். ஆயா மல்பெரித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் பட்டுக்கூடு இருக்கும். பாடம் நடக்கும்போது அதை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாக உருட்டுவான். பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, விலைக்குப் போகாதது.

மால்கோவிச் செத்த எலியைப் பைக்குள்ளிருந்து எடுத்த காட்சியில் நான் அவன் பக்கம் திரும்பி, “லென்னி” என்றேன். லேப் குலுங்கிச் சிரித்தது. சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

கடைசி வெள்ளிக்கிழமை. ஆற்றங்கரையில் ஜார்ஜ் லென்னியை அக்கரையைப் பார்க்கச் சொல்கிறான். என்னிடம் சொல்லாமல் சாரே எழுந்துவந்து நிறுத்தினார். “பாலக்கோடு பஸ் போய்விடும், கிளம்புங்கள்.”

அப்போது அவன் எழுந்து நின்றான். அந்த வருடத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி அது.

“முயல் கிடைத்ததா சார்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிடைத்தது. நிலமும் கிடைத்தது.”

நான் நம்பினேன். இருபது வருடங்களுக்கும் மேலாக நம்பினேன். இங்கே கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் என் மகளுக்குப் பள்ளியில் அதே நாவல் பாடமாக வந்தபோது, அப்பாவுக்கும் இலக்கியம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, கடைசியில் இருவரும் முயல் வளர்ப்பார்கள் என்று சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, “அப்பா, நீங்கள் இதைப் படிக்கவே இல்லையா?” என்றாள்.

அன்றிரவு சார் நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தேன். சில நிமிடங்கள்தான் மிச்சம் இருந்தது. கர்லியின் மனைவி லென்னி கையால் தெரியாமல் இறந்துவிட, துரத்தி வருகிறவர்கள் கையில் அவன் சிக்கிவிடக் கூடாதென்று ஜார்ஜே லென்னியைப் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். முயலைப் பற்றிய பேச்சு முடிவதற்குள் வெடிச்சத்தம். பிறகு நாவலையும் வாங்கிப் படித்தேன். அதில் ஜார்ஜின் கை நடுங்குகிறது, தயங்குகிறான். எல்லாம் முடிந்தபின் பண்ணையில் கூட வேலை செய்யும் ஸ்லிம் வந்து நெருங்கி உட்கார்கிறான். படத்தில் அந்த ஆறுதலும் இல்லை. சரக்கு ரயில் பெட்டியின் இருட்டில் ஜார்ஜ் தனியாக இருக்கிறான். நாவலைவிடப் படம் கொடூரமானது என்பேன். வயல்களை மட்டும் அளவுக்குமீறி அழகாகக் காட்டுகிறது. கூலிக்கு அறுப்பவன் கண்ணுக்கு அந்தப் பொன்னிறம் தெரிந்திருக்காது.

101-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஸ்டைன்பெக் பிறந்த சாலினாஸ். அதைத் தாண்டி அரை மணி நேரத்தில் சோலெடாட் என்று பலகை வரும். ஸ்பானிய மொழியில் தனிமை என்று பொருள். கதை தொடங்கும் ஆற்றங்கரை அதற்குச் சில மைல் தெற்கே. ஒருமுறை போனேன். வயலில் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏசியை அணைக்காமல், காரைவிட்டு இறங்காமல் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சாருக்குப் போன் செய்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. அப்படியே நாள் போய்விட்டது.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது 2001-இல், விசா வாங்கச் சென்னை கிளம்பிய அன்று, தருமபுரி பஸ் நிலையத்தில். கையில் தூக்குவாளியோடு பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். “லென்னி” என்று கூப்பிட்டேன். சட்டென்று திரும்பிச் சிரித்தான். என் பெட்டியை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவைத்தான்.

இப்போது மலருக்காக நம் குழுப்படத்துக்குப் பெயர்கள் சேர்க்கிறோம். மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது. பெயர் எனக்கு வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதினொரு பேர் உடனே பதில் போட்டார்கள். பதினொரு பேரும் லென்னி என்றுதான் எழுதியிருந்தார்கள். ஊரில் இருப்பவர்கள் யாராவது பள்ளி அலுவலகத்தில் அந்த வருடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னால், மலர் அச்சுக்குப் போவதற்குள் சேர்த்துவிடலாம்.