எழுதியவர் வாய் திறவாத வகுப்பு

குன்னூரில் சனிக்கிழமைதோறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் படைப்பெழுத்துப் பயிற்சி அளித்துவருகிறேன். அந்த வகுப்பில் கண்டிப்பான விதி ஒன்றுதான் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசிக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 'நான் சொல்லவந்தது அதுவல்ல' என்று குறுக்கிடவும் கூடாது, முகக்குறிப்பால் உதவவும் கூடாது. சில பெற்றோருக்கு இது கடுமையாகத் தோன்றுகிறது. ஆனாலும் இதை நான் தளர்த்துவதில்லை. நேரில் பேசும்போது, கேட்பவரின் புருவம் சுருங்குவதைப் பார்த்தே நாம் சொன்னதை மாற்றிச் சொல்கிறோம், விட்டதைச் சேர்க்கிறோம், வேண்டாததை நடுவிலேயே நிறுத்திவிடுகிறோம். எழுத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. தாளில் உள்ளது மட்டுமே வாசகருக்குப் போய்ச் சேரும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ள, இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

வாசித்தவரிடம் நான் கருத்துக் கேட்பதில்லை. வாசித்ததைப் படமாக வரையச் சொல்கிறேன். ஒரு மாணவி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தன் தாயைப் பற்றி, "பச்சைப் பட்டாடை விரித்தாற்போன்ற தோட்டத்தில் என் தாய் அயராது உழைக்கிறார், அவரது தியாகத்தைச் சொல்ல வார்த்தைகளே இல்லை" என்று தொடங்கியிருந்தாள். பக்கத்தில் இருந்த மாணவன் ஒரு மலையையும், உதிக்கும் சூரியனையும், முதுகில் கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண்ணையும் வரைந்து கொடுத்தான். தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அதே பெண். மாணவிக்கு முகம் வாடிவிட்டது. அவளுடைய அம்மா கூடை சுமப்பதில்லை. கத்தரியால் வெட்டிச் சாக்கில் சேர்ப்பவர். ஆனால் அவள் எழுதிய வரிகளில் கத்தரியும் இல்லை, சாக்கும் இல்லை. அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த பத்தி இது: "இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் காலைப் பனியில் நனைந்து முழங்காலோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா கத்தரியை நிறுத்திவிட்டு அதை உதறுவார். உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போவார்." இதில் உழைப்பு என்ற சொல்லும் இல்லை, தியாகம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் படம் வரைய உட்கார்ந்தவன் இந்த முறை நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் அதற்கு வேண்டிய பத்து அழகுகளும் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. அவை இலக்கண நூல், அறநூல் போன்றவற்றை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டவை என்றாலும், கதையெழுதக் கற்பவருக்கு அவற்றைவிடப் பயனுள்ள பட்டியலை நான் கண்டதில்லை. குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அடுத்தது மிகைபடக் கூறல். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் மனப்பாடம் செய்யும்போது தோன்றும். அந்த மாணவியின் முதல் வாக்கியத்திலோ இரண்டும் ஒன்றாக இருந்தன: சொற்கள் மிகுந்திருந்தன, செய்தி குன்றியிருந்தது. இளம் எழுத்தாளர்களிடம் நான் மிகுதியாகக் காண்பது இந்த இரட்டைக் குற்றத்தைத்தான். அழகுகளிலும் சுருங்கச் சொல்லலை அடுத்து உடனே விளங்க வைத்தல் வருகிறது. சுருக்கினால் விளக்கம் குறையும், விளக்கினால் சுருக்கம் கெடும் என்ற இழுபறியில்தான் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியாக வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். மற்றக் குற்றங்களில் சென்று தேய்ந்து இறுதல் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆரவாரமாகத் தொடங்கிய கதை போகப்போக மெலிந்துவிடுவதற்குச் சோம்பல் காரணமன்று. யாருக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே எழுத உட்கார்ந்துவிடுவதே பெரும்பாலும் காரணம்.

வாசகருக்கு முன்பே தெரிந்தது எது, தெரியாதது எது என்று கணக்கிடுவதுதான் கற்பிக்க மிகக் கடினமான பகுதி. இதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் அமையாது. கோத்தகிரிப் பக்கத்து மாணவன் "அந்தப் பெருமழையில்" என்று எழுதினால், அவன் மனத்தில் இருப்பது வடகிழக்குப் பருவமழை. வீட்டில் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் 2009 நவம்பர் மண்சரிவு. பந்தலூரிலிருந்து வரும் மாணவிக்கோ மழை என்றால் ஜூன், ஜூலை, தென்மேற்குப் பருவமழை, பள்ளிக்கு விடுமுறை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அதுதான் அவளுக்குப் பெருமழை. ஒரே மாவட்டத்தில், ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவருக்கே மாதம் மாறிப்போகிறது என்றால், இராமநாதபுரத்தில் இருந்து வாசிப்பவருக்கு எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும்! அதற்காக வானிலை அறிக்கை எழுதச் சொல்லவில்லை. ஒரு மாணவன் "ஐப்பசி பிறந்ததுமே சாலையோர மண் ஈரம் காயாமல் கிடந்தது" என்று ஒரு வரி சேர்த்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

வட்டாரச் சொற்களைப் பற்றியும் இதே நிலைப்பாடுதான். நீலகிரியின் படகர் இனத்தவர் பேசும் படுகு மொழி வீட்டுப் பிள்ளைகள் 'ஹட்டி' என்று எழுதியதும், 'அதாவது கிராமம்' என்று பக்கத்தில் விளக்கம் சேர்த்துவிடுகிறார்கள். அந்த விளக்கத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பதையும், வாசலில் பாட்டி வெயில் காய்வதையும் காட்டினால் ஹட்டி என்னவென்று எந்த ஊர் வாசகரும் அறிந்துகொள்வார்.

கற்பிப்பவரின் சொல்லுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஓரத்தில் 'நன்று', 'இன்னும் முயல்க' என்று எழுதிக் கையெழுத்திட்டால் மாணவர் கற்பதற்கு அதில் எதுவும் இல்லை. அதுவும் குன்றக் கூறல்தான். 'மூன்றாம் வரியில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை', 'இந்த இடத்தில் நான் நின்று மறுபடி படித்தேன்' என்று, வாசகராக எனக்கு நேர்ந்ததை இடம் சுட்டி எழுதுகிறேன். எப்படித் திருத்துவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் எல்லாக் கட்டுரைகளும் என் நடையிலேயே வந்து நிற்கும். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவற்றை முதல் வரைவில் தொடுவதில்லை. சொல்லவந்த செய்தி வாசகரிடம் போய்ச் சேர்ந்தது என்று படம் வரைந்தவர் உறுதி செய்த பிறகு, கடைசி வரைவில் ஒவ்வொரு பிழையையும் எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். அப்போது மட்டும் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.