தம்பி, ரெண்டு காபி

மச்சினன் கல்யாண ரிசப்ஷனுக்குக் கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்காருகிற கறுப்பு போ டை என்று கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மண்டபத்தில் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "தம்பி, ரெண்டு காபி. ஒண்ணு சக்கரை இல்லாம" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். அவர்மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு ஹோட்டலில் ஸ்டீவர்டாக இதே வேஷத்தில் இரண்டு வருஷம் தட்டு தூக்கியவன்தான் நான். அங்கே கொடுத்தது பாலியெஸ்டரில் தைத்த கிளிப் போ. காலரில் மாட்டினால் வேலை முடிந்தது. குனிந்து பரிமாறும்போது ஒரு பக்கம் கழன்று தொங்கும். ஒரு தடவை தக்காளி சூப்பிலேயே விழுந்தது. நல்ல வேளை, கிண்ணம் இன்னும் மேஜைக்குப் போகவில்லை.

ரிசப்ஷன் முடிந்து வந்த ராத்திரிதான் விஷயம் உறைத்தது. கறுப்பு போ, சாயங்கால விருந்துக்கென்றே தைக்கிற டின்னர் ஜாக்கெட்டுக்குச் சொந்தமானது. அந்தக் கோட்டின் மடிப்பில் பளபளவென்று சாட்டின் ஓடும். போவும் அதே துணியில் இருக்க வேண்டும். நான் போட்டதோ ஆபீஸ் இன்டர்வியூ கோட். அதற்குமேல் கறுப்பு போ கட்டினால் காபிதான் கேட்பார்கள். வெள்ளை போ இன்னும் ஒரு படி மேலே, வால் வைத்த கோட்டுக்கு. நோபல் பரிசளிப்பு விழாவுக்கு அதுதான் ஆண்களுக்கு விதித்த உடை. நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் 2009-இல் அப்படித்தான் நின்றார். நமக்கு அதற்கு வாய்ப்பில்லை, விடுங்கள்.

அதற்கப்புறம் கையால் கட்டுகிற போ ஒன்று வாங்கினேன். பிரித்தால் நீளத் துணி, இரண்டு முனையும் மீன் மாதிரி அகன்றிருக்கும். நடுவில் சின்னக் கொக்கி, பக்கத்தில் 15, 15½, 16 என்று கழுத்தளவு அச்சடித்திருக்கும். முடிச்சு வேறொன்றுமில்லை, ஷூ லேஸ் முடிச்சேதான். ஆனால் ஷூவைப் பார்த்துக்கொண்டு கட்டுகிறோம். கழுத்தில் கை குருடாகிவிடுகிறது. முதல் வாரம் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கட்டிப் பழகினேன். குட்டை முனையை மடித்துப் பிடித்து, நீள முனையை அதன் நடுவே தொங்கவிடுவது வரை யாருக்கும் வரும். பிறகு நீள முனையை மடித்து, பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொந்துக்குள் தள்ள வேண்டும். அங்கேதான் எனக்கு நான்கு நாள் போயிற்று. இறுக்க வேண்டுமானால் மடிந்த பக்கங்களை இழுக்க வேண்டும். தட்டை முனைகளை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நடுவில் ஒரு பேராசையும் வந்தது. மனைவியின் காஞ்சிபுரம் பட்டில் மிஞ்சிய ஜாக்கெட் பிட்டை எடுத்துப்போய், தெருமுனை டெய்லரிடம் போ தைக்கச் சொன்னேன். பார்வைக்கு அமர்க்களம். முடிச்சுப் போட்டால் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு நின்றது. மே மாத வியர்வையில் ஜரிகை கழுத்தை அறுத்தது. ஜரிகை இல்லாத சாஃப்ட் சில்க்கில், உள்ளே மெல்லிய கேன்வாஸ் வைத்து மறுபடி தைத்தார். அது இன்றுவரை என்னிடம் இருக்கிறது. அடர்பச்சை. பாலியெஸ்டர் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருக்கும். பட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பச்சைக்கு வெளிர்நீலச் சட்டையும் சந்தன நிற லினன் பிளேசரும்தான் ஜோடி. மெரூன் போ என்றால் நேவி கோட். கட்டம் போட்ட சட்டைக்குப் புள்ளி போட்ட போ கட்டினால் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். போவும் கைக்குட்டையும் ஒரே துணியில் டப்பாவில் வருகிற செட்டை யாராவது பரிசாகக் கொடுத்தால், கைக்குட்டையை எடுத்துப் பத்திரமாகத் தொலைத்துவிடுங்கள். அகலம் கண்களின் வெளி ஓரத்தைத் தாண்டக் கூடாது. எனக்குச் சின்ன முகம், பெரிய வண்ணத்துப்பூச்சி வடிவம் கட்டினால் பரிசுப் பொட்டலம் மாதிரி இருப்பேன். வேட்டிக்குக் கட்டலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். தோளில் அங்கவஸ்திரம் இருக்கும்போது கழுத்துக்கு வேறென்ன வேண்டும்?

போன ஆவணியில் இன்னொரு கல்யாணம். பச்சை போ, லினன் பிளேசர், முடிச்சு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, வேண்டுமென்றேதான் சரிசெய்யவில்லை. முன்வரிசையில் அதே பெரியவர். மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, மேஜிக் ஷோ எத்தனை மணிக்கு?"